டெக்ஸ்சர் சுவர்க்காரர்

சொந்தமாக ஃபிளாட் வாங்கி, ஹாலில் சோபாவுக்குப் பின்னால் உள்ள ஒரே ஒரு சுவருக்கு டெக்ஸ்சர் பெயிண்ட் அடித்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "வாங்க, உக்காருங்க" என்று சொன்ன வாயோடு, "சாயாம உக்காருங்க" என்பார்.

தண்ணீர் வருவதற்குள் சுவரின் வரலாறு வந்துவிடும். இரண்டு கோட் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், வெளிர் நிறத்தில் பேஸ் கோட். அது காய்ந்ததும் தங்க நிற மெட்டாலிக். மெட்டாலிக் ஈரமாக இருக்கும்போதே டிசைனை எடுத்துவிட வேண்டுமாம். "இந்த மேகம் மாதிரி இருக்கே, எதுல பண்ணது சொல்லுங்க பாப்போம்?" தெரியாது என்று சொல்வது விருந்தாளியின் கடமை. "கசக்கின கேரி பேக்!" என்று அவரே உடைப்பார்.

நடுவில் காய்ந்தால் ஒட்டு தெரியும், ஆரம்பித்த சுவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று பெயின்டர் சொன்னதை இவர் பெயின்டரைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர். சுவர் முடியும்வரை அந்த மனிதருக்கு டீ கூடக் கொடுக்கவில்லை.

செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, சுவர் வழவழவென்று மின்னும்வரை தேய்ப்பதற்குக் கூலி கொடுத்தார்கள். இவர் வழவழப்பாக்க ஒரு கூலியும், அதையே சொரசொரப்பாக்க அதற்கு மேல் ஒரு கூலியும் கொடுத்தவர். "தொட்டுப் பாருங்க, எப்படி இருக்கு!" என்பார். கையை நீட்டினால், "கை கழுவிட்டீங்கல்ல?" என்பார்.

பகலில் போனவர்களை இருட்டும்வரை விடமாட்டார். நேர் வெளிச்சத்தில் மேடுபள்ளம் எடுபடாது, வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். ஆகவே எல்லா விளக்கையும் அணைத்து, சீலிங் ஓரத்து ஃபோகஸ் லைட்டை மட்டும் போடுவார். காபி டம்ளரைத் தடவித் தேடுவது நம் பாடு.

வீட்டார் பாடு வேறு. ஆணி அடிக்கத் தடை என்பதால் தினசரி காலண்டர் சமையலறைக்குப் போய்விட்டது. ராகுகாலத்தைத் தாளிக்கும் புகையில்தான் பார்க்க வேண்டும். தாத்தா படம் பீரோ மேல் படுத்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் அம்மாவுக்கு ஹாலில் அனுமதி இல்லை.

"ஒரு இடத்துல கறை பட்டா அந்த இடத்த மட்டும் சரி பண்ண முடியாதும்மா. முழுச் சுவரையும் திரும்ப அடிக்கணும்."

"சுவத்துல சாஞ்சுதாண்டா உனக்குப் பால் குடுத்தேன்" என்று அம்மா முணுமுணுப்பார்.

பெயின்டர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார்: "சார், பின்னாடி பாத்ரூம். ஓதத்த மொதல்ல பாத்துட்டு அடிக்கலாம்." அந்தச் செலவு விருந்தாளி கண்ணில் படாத செலவு. இவர் வேண்டாம் என்றுவிட்டார். ஐப்பசி மழைக்கு வலது மூலையில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, தங்க நிறம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது.

ஊரிலிருந்து வந்த பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூலையையே வெகுநேரம் பார்த்தார். "மத்ததெல்லாம் சுமார்தான்டா. இதுலதான் கைவேலை தெரியுது. இதுக்கு மட்டும் எவ்வளவு ஆச்சு?"

இவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"அது ஸ்பெஷல் ஃபினிஷ், பெரியப்பா. மழைக்காலத்துல மட்டும்தான் பண்ண முடியும்."