வாடகை வீட்டுச் சுவரில் ஆணி: தோற்றமும் வளர்ச்சியும்

சிக்கனமாக வீட்டை அழகுபடுத்துவது எப்படி என்னும் பெருந்துறையில் திரைச்சீலை, தலையணை உறை, மணி பிளாண்ட் ஆகியவற்றை வேண்டிய மட்டும் ஆராய்ந்துவிட்டார்கள். ஆணியைத் தீண்டியவர் இலர். எனவே இவ்வாய்வின் தேவை தானே பெறப்படும். ஆய்வெல்லை சென்னை, அதிலும் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தபின் கையில் மிஞ்சியதைக் கொண்டு குடித்தனம் தொடங்குவோர்.

திரைச்சீலை: பழைய காட்டன் புடவை. மணி பிளாண்ட்: பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய கொடி, பாட்டிலில் தண்ணீர். இவை பற்றி இவ்வளவே.

இனி ஆணி. அது இருவகைப்படும்: முன்பிருந்தவர் அடித்தது, நாம் அடிப்பது. பின்னது இல்லை. சாவி கொடுக்கையில் ஹவுஸ் ஓனர் ஆற்றும் 'சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது' என்ற பேருரை அதை ஒழித்துவிட்டது. ஆதலால் நம் அழகுணர்ச்சி முழுதும் முன்னைக் குடித்தனக்காரரின் ஆணிகளுக்கு உட்பட்டது. கடிகாரம் ஏன் பாத்ரூம் கதவுக்கு மேல்? ஆணி அங்கே இருக்கிறது. கல்யாண போட்டோ ஏன் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில்? மேற்படி. ஹாலின் நடு ஆணி தினசரி காலண்டருக்கு உரியது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. சிவகாசியில் அச்சாகி நகைக்கடை வழியே இனாமாக வந்து சேரும் அதன் அட்டையில் லட்சுமி வீற்றிருப்பதால், அது ஓவியக் கணக்கிலும் சேரும்.

ஆணியின் காலத்தைக் கணிப்பது எளிது. பெயிண்டர் ஆணியைப் பிடுங்குவதில்லை. அதன் மேலேயே பூசிவிடுவார். கொண்டையைச் சாவியால் சுரண்டினால் மேலே க்ரீம், அடுத்து வெளிர்பச்சை, அதன் அடியில் ரோஸ். ரோஸ் அடுக்கில் வாழைநார்த் துணுக்கொன்று ஒட்டியிருந்தமையால், அங்கே மாலையிட்ட படம் தொங்கியது உறுதியாகிறது. படத்திலிருந்தவர் யார் என்பதற்குச் சான்றுகள்: கீழ்வீட்டுப் பாட்டியின் வாய்மொழி (அரிசி புடைத்தபடி அருளியது, முறத்தின் ஓசையில் பின்பாதி சிதைந்துள்ளது), இஸ்திரிக்காரரின் மறுப்புரை, அம்மறுப்பைக் கேள்வியுற்ற பாட்டி மறுநாள் மாடிப்படியில் நின்று, இரு கை முத்திரைகளுடன் வெளியிட்ட திருத்திய இரண்டாம் பதிப்பு. முதற்பதிப்பில் மாமனாராக இருந்தவர் இதில் எம்.ஜி.ஆர். ஆகிறார். பாடபேதம் என்று கொள்க.

காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்நகரத்து மரபு. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும் என்பது ஹவுஸ் ஓனர்கள் அனைவரும் அறிந்த உரை. அது நிற்க, இவ்வீட்டில் குடியிருந்து போனவர்களை எண்ணி, ஆணிக்கொண்டையின் அடுக்குகளோடு ஒப்பிட்டால், பிடித்த வாடகை அதிகம், அடித்த பெயிண்ட் குறைவு. கிடைக்காதவற்றைக் கடல் கொண்டது என முடித்துவிடுவது நம் ஆய்வுலக வழக்கம். வீடு மூன்றாம் மாடியில் இருப்பது ஒன்றே தடை. அதையும் அடிக்குறிப்பில் சரிசெய்துவிடலாம் என்று துறை அறிஞர்கள் தைரியம் சொல்கிறார்கள்.

இல்லை என்று முன்னர் நிறுவப்பட்ட இரண்டாம் வகை ஆணியைப் பிடுங்கியபின் ஓர் ஓட்டை எஞ்சும். பட்டி பார்க்க ஆள் கூப்பிட்டால் செலவு. பற்பசை வைத்து அடைப்பதே பெருவழக்கு. விரலால் தேய்த்துக் காயவிடுக. சுவர் நீலமாக இருந்தாலன்றி ஜெல் ஆகாது.