இங்கு டெண்டர் எடுத்துத் தரப்படும்

தம்பி, பட்டறை வைக்கப்போகிறாயா? வேண்டாம். பட்டறைக்கு இடம் வேண்டும், மும்முனை மின்சாரம் வேண்டும், வெல்டர் வேண்டும், அவன் திங்கட்கிழமை வேலைக்கு வரவும் வேண்டும். நீ பட்டறைக்காரருக்கு அரசு டெண்டர் எடுத்துத் தரும் ஆபீஸ் வை. மடிக்கணினி, ஸ்கேனர், ஏசி போட்ட பத்துக்குப் பத்து அறை போதும். 'கன்சல்டன்ட்' என்று போர்டு மாட்டு; தரகர் என்று எழுதினால் பேரம் பேசுவார்கள்.

முதல் வருமானம் இலவசத்திலிருந்து வரும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு ஒரு காசு வாங்குவதில்லை. நீ சில ஆயிரம் வாங்கிக்கொள். சான்றிதழைக் கலரில் அச்சடித்து லேமினேட் செய்து கொடுத்தால், மனிதர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைப்பார். இதற்கு உதவத்தானே மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது என்று கேட்பவரை மட்டும் வாடிக்கையாளராகச் சேர்க்காதே.

அடுத்து, சலுகைகளை வாசித்துக் காட்டு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 4, பெண்களுக்கு 3. முன்வைப்புத்தொகை கிடையாது. கேட்கும்போதே அவர் கண் கலங்கும். கலங்கிய கண்ணுக்கு அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்து டெண்டரில் இருக்கும் இன்னொரு வரி தெரியாது: அனுபவத்திலும் விற்றுமுதலிலும் சிறு நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டா? 'இல்லை.' டெல்லி கொட்டி முழக்கிய கொள்கையை ஓர் அதிகாரி ஒரு கிளிக்கில் அடக்கம் செய்துவிடுகிறார்.

டெண்டரில் பிராண்டு பெயரை எழுதக் கூடாதாம். யார் எழுதினார்கள்? பீரோவின் உயரம் 1,983 மில்லிமீட்டர், பூட்டு இடப்பக்கம் என்றுதானே இருக்கிறது! அப்படியொரு பீரோ செய்கிறவர் ஒரே ஒருவர் என்றால் அது விதியின் குற்றமா? அந்த அளவைத் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தவன் நீ. வேண்டியவருக்கு இந்தச் சேவை. மற்றவர்களுக்கு 'அடுத்த தடவை பார்க்கலாம் சார்'. நீ வாங்கிய ஆவணக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

உன் மேசை டிராயரை மறந்துவிட்டேனே. சட்டப்படி டிஜிட்டல் கையொப்பம் என்பது வாடிக்கையாளரின் கையெழுத்தே. அது அடங்கிய யுஎஸ்பி டோக்கனை அவர் உன்னிடமே விட்டுப்போவார், பின் நம்பரை ஒரு துண்டுத் தாளில் சுற்றி. ஒரே டெண்டருக்கு மோதும் மூன்று பேருடைய டோக்கனும் ஒரே டிராயரில். காலையில் ஒருவர் பெயரில் விலை போடு, டீ குடி, மற்ற இருவர் பெயரில் கொஞ்சம் கூட்டிப் போடு. ஆரோக்கியமான போட்டி என்று கோப்பில் எழுதிக்கொள்வார்கள். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இந்தக் கூட்டுச் சதியைத் தடை செய்திருக்கிறது. ஆனால் சட்டம் உன் டிராயரைத் திறந்து பார்க்க வரவேண்டுமே!

தப்பித் தவறி அவர் டெண்டர் எடுத்து, சரக்கையும் இறக்கிவிட்டார் என்று வை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. தனியார் கம்பெனி இழுத்தடித்தால், 2024 ஏப்ரலிலிருந்து, பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. அரசுத் துறையை இந்தப் பிரம்பு தொடாது. அது வரியே கட்டுவதில்லை. 'வட்டி கிட்டி கேட்காதீங்க சார், அடுத்த டெண்டர் இருக்குல்ல' என்று அவரிடம் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு. அவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு துறைக்கு வேலை பார்க்கிற திறமை எல்லோருக்கும் வராது தம்பி.

பட்டறை நடத்தும் அண்ணன்மாரே, தம்பியிடம் பேசியது உங்கள் காதிலும் விழட்டும். டோக்கனை இன்றைக்கே திரும்ப வாங்குங்கள். பில்லுக்கு 45 நாள் தாண்டிவிட்டதென்றால் தாமதமான பணத்தைக் கேட்க அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் வட்டியோடு கேளுங்கள். அதற்கு ஆலோசகர் தேவையில்லை.