வாழ்த்தும் நல்ல உள்ளங்களுக்கு

வாழ்த்துவதற்கு மனம் வேண்டும். அந்த மனம் உங்களிடம் நிறையவே இருக்கிறது, நண்பரே. நாட்காட்டியில் ஒரு தேதி சிவப்பாக இருந்தால் போதும், பொழுது விடிவதற்குள் உங்கள் வாழ்த்து எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த மதம், எந்தச் சாதி என்று நீங்கள் பார்ப்பதில்லை. அது பண்டிகையா துக்க நாளா என்றும் பார்ப்பதில்லை. இப்படிப் பேதம் பாராத நெஞ்சைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பெரிய வெள்ளி காலை. எங்கள் எதிர்வீட்டு அக்கா கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. தலையில் பூ இல்லை. அடுப்பு மூட்டவில்லை என்பது அந்த வீட்டிலிருந்து எந்த வாசனையும் வராததிலேயே தெரிந்தது. கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். கொத்துக் கொத்தாக ரோஜா, மின்னி மின்னி மறையும் எழுத்துகள்: 'இனிய புனித வெள்ளி நல்வாழ்த்துகள்! உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்!' சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நல்ல மனசோடதான் அனுப்பியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த நல்ல மனதைத்தான் நானும் புகழ்கிறேன். சிலுவையில் அறைந்து கொல்லப்பட்டவரை நினைத்து ஒரு வீடே நோன்பிருக்கும் நாளில், அந்த வீட்டில் மகிழ்ச்சி பொங்க வேண்டும் என்று ஆசைப்பட எல்லோராலும் முடியாது.

அன்றைக்கு உலகில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் திருப்பலி கிடையாது. பீடத்தில் துணி இருக்காது, மெழுகுவர்த்தி இருக்காது. வியாழன் மாலையில் ஓய்ந்த மணி, உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவில்தான் மறுபடி ஒலிக்கும். சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு எழுந்து, பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்து, தொண்டை அடைக்க வீடு திரும்புவார்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிப்பார்கள். மணி மூன்றாகும்போது எழும் மௌனத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், அது சாவு வீட்டு மௌனம். இவ்வளவு கனத்தையும் ஒரு ரோஜாப்பூப் படத்தால் இறக்கி வைத்துவிடலாம் என்று நம்பினீர்களே, அந்த நம்பிக்கை பெரியது.

உங்கள் ஆங்கில அறிவையும் சொல்ல வேண்டும். 'குட் ஃபிரைடே' என்ற பெயரில் 'குட்' இருக்கிறது, நல்ல நாள்தானே, நல்லது நடந்த நாளுக்கு வாழ்த்துச் சொன்னால் என்ன என்று கேட்டீர்கள். அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் புனிதம் என்றும் பொருள் உண்டு. ஜெர்மானியர்கள் அதே நாளைப் புலம்பல் வெள்ளி என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பொதுவாக அதை 'நல்ல வெள்ளி' என்று சொல்வதில்லை. பெரிய வெள்ளி என்றார்கள், புனித வெள்ளி என்றார்கள். தாய்மொழி சரியாகக் கையில் கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டு, கடல் கடந்த சொல்லிலிருந்து தவறான பொருளைத் தேடி எடுத்து வந்த உழைப்பு சாதாரண உழைப்பா?

உங்கள் அன்பு ஒரு மதத்தோடு நின்றுவிடவும் இல்லை. மொகரம் வந்தால் 'இனிய மொகரம் பண்டிகை வாழ்த்துகள்' என்று பிறையும் விளக்கும் போட்டு அனுப்புகிறீர்கள். மொகரம் என்பது இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதம். அரசு விடுமுறை விடுவது அதன் பத்தாம் நாளான ஆஷுராவுக்கு. கி.பி. 680இல் அந்த நாளில்தான் நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் கர்பலா மண்ணில் கொல்லப்பட்டார். யூப்ரடீஸ் ஆறு அருகே ஓடியும் அவர் கூட்டத்துக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. சின்னக் குழந்தைகளும் தாகத்தால் தவித்த கதையைச் சொல்லிச் சொல்லி ஷியா முஸ்லிம்கள் இன்றும் அழுகிறார்கள். சென்னை அண்ணா சாலையில் நீங்கள் தினமும் கடந்துபோகும் ஆயிரம் விளக்கு மசூதி இருக்கும் இடம், மொகரம் துக்கம் காக்க ஷியாக்கள் கூடிய இடம். அந்தக் கூடத்தில் ஏற்றிய விளக்குகளால்தான் அந்தப் பகுதிக்கே பெயர் வந்தது என்பார்கள். நம் ஊரில் பெரும்பான்மையான சன்னி முஸ்லிம்களுக்கோ அது நோன்பு நாள். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து மூசா நபியும் அவர் மக்களும் காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக, ஒன்பதாம் பத்தாம் நாள்களில் நோன்பு வைப்பார்கள். ஒருவர் அழுகிறார், ஒருவர் பசித்திருக்கிறார். இருவருக்கும் ஒரே விருந்து வாழ்த்தை அனுப்பிச் சமத்துவம் காத்தவர் நீங்கள்.

கடைக்காரர்கள் உங்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். மொகரம் தள்ளுபடி, புனித வெள்ளி சிறப்பு விற்பனை என்று பதாகை கட்டி, துக்கத்திலும் சிக்கனத்தைக் கற்றுத்தருகிறார்கள். தொலைக்காட்சிகள் சிவராத்திரிக்கு விடிய விடியப் படம் போட்டு, நாலு கால பூஜைக்கு விழித்திருக்க வேண்டியவர்களை நாற்காலியிலேயே விழிக்க வைக்கும் புண்ணியத்தைக் கட்டிக்கொள்கின்றன. பெரிய வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளைச் சேர்த்துப் பார்த்து, பங்குனி வெயிலுக்கு ஊட்டியில் அறை பிடித்தவர்களின் கணக்கும் துல்லியமானது. அந்த மூன்று நாளும் எதற்காக என்பது ஒன்றுதான் அதில் சேரவில்லை.

மற்ற மதத்துக்காரர் நாள் என்பதால் தெரியவில்லை என்று யாரும் உங்களைக் குறை சொல்லிவிட முடியாது. சொந்த வீட்டு நாளிலும் நீங்கள் அப்படித்தான். புரட்டாசியில் 'இனிய மகாளய அமாவாசை வாழ்த்துகள்' என்று அனுப்புகிறீர்கள். அன்று காலை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் ஈர வேட்டியோடு நின்று, எள்ளும் தண்ணீரும் இறைத்து, போன அப்பாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். தர்ப்பணம் முடியும்வரை வாசலில் கோலம்கூடப் போடாத வீடு அது. கோலமே வேண்டாம் என்று வைத்த நாளுக்கு நீங்கள் வண்ணக் கோலப் படம் அனுப்புகிறீர்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். புதைத்த இடத்தில் புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் 'இனிய' என்று தொடங்கும் உங்கள் வாழ்த்து தவறாமல் போய்ச் சேர்கிறது. 'திருநாள்' என்ற சொல்லைப் படித்தீர்கள். அதற்கு முன்னால் இருந்த சொல்லைப் படிக்க நேரம் இருந்திருக்காது.

இப்போது உங்களிடம் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காசவளநாடு புதூர் என்று ஓர் ஊர். அங்கே மொகரத்துக்கு விரதமிருப்பவர்கள் இந்துக்கள். உள்ளங்கை வடிவச் சின்னத்தை அல்லா சாமி என்று கும்பிட்டு, பத்து நாள் நோன்பிருந்து, தீ மிதிக்கிறார்கள். அவர்கள் யாரும் யாருக்கும் மின்னும் எழுத்தில் வாழ்த்து அனுப்பி அந்த உறவை வளர்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குள் தாங்களும் போய் உட்கார்ந்தார்கள். மதநல்லிணக்கம் என்று மேடையில் நாம் பேசுவது இதைத்தான்.

தமிழில் கொண்டாடுவது என்று ஒரு சொல் இருக்கிறது, கடைப்பிடிப்பது என்று இன்னொரு சொல் இருக்கிறது. தீபாவளியைக் கொண்டாடுகிறோம். பெரிய வெள்ளியைக் கடைப்பிடிக்கிறோம். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருக்கும் தூரம் தெரியாமல் போனால், எவ்வளவு அன்பு இருந்தாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது.

எதிர்வீட்டு அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், பெரிய வெள்ளிக்கு என்னதான் சொல்வது என்று. "ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. அன்னைக்கு வாசல்ல பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைச்சு வெச்சா போதும்" என்றார். கேட்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு உங்களுக்கும் அவ்வளவு பக்கம்தான். அடுத்த முறை அனுப்புவதற்கு முன் அந்தக் கதவைத் தட்டி, இது என்ன நாள் என்று கேளுங்கள். வாழ்த்தியே தீர வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் இரண்டே நாள் பொறுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். அன்றைக்கு அனுப்புங்கள், அந்த வீடே மகிழ்ந்து வாங்கிக்கொள்ளும்.