எதிரொலிக் கணக்கு

ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். எதிரொலி தனியாகக் காதில் விழ வேண்டுமானால் தடுப்புச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 1980களில் பத்தாம் வகுப்பு படித்த எங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு எண்களும் வரும். ஏன் 17 என்று கேட்டால்தான் தடுமாறுவோம். ஒலி போய்த் திரும்புவதால் இரண்டால் வகுக்கிறோம் என்பது கரும்பலகையில் ஒரு வரி. அதை எழுதினால் மதிப்பெண் உண்டு. பள்ளி மைதானத்தை ஒட்டி ஒரு நெல் கிடங்கின் நீண்ட சுவர் இருந்தது. அதன் எதிரே தள்ளி நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்திருக்கலாம். எங்களை யாரும் அங்கே கூட்டிக்கொண்டு போனதில்லை.

இன்று விடுமுறை நாட்களில் நான் உதவிக்குப் போகும் பள்ளியில் ஒரு அடல் டிங்கரிங் லேப் இருக்கிறது. 2016இல் நிதி ஆயோக் தொடங்கிய திட்டம் அது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அங்கே எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி, சுவரைக் கண்டால் தானே நின்றுவிடும் சின்ன கார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் இரண்டு, ஓர் ஆர்டுயினோ போர்டு, முன்னால் அல்ட்ராசோனிக் சென்சார். அந்த சென்சாரின் ஒரு குழல் வினாடிக்கு 40,000 அதிர்வுள்ள ஒலியை அனுப்பும். மனிதக் காது 20,000க்கு மேல் கேட்காது என்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்துக் குழல் திரும்பி வரும் ஒலியைப் பிடிக்கும். சுவர் 20 சென்டிமீட்டரில் இருந்தால் போய்வர ஏறக்குறைய 1,200 மைக்ரோ வினாடி. அதை 0.034ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைத்துவிடும். நாங்கள் மனப்பாடம் செய்த அதே எதிரொலிக் கணக்குதான், மேசை மேல் நடக்கிறது.

“இந்த ரெண்டு எதுக்கு சார்?” என்று கேட்டாள்.

“எடுத்துட்டு ஓட்டிப் பாரும்மா” என்றேன்.

எடுத்தாள். 20 சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய கார் 10 வரை போய் நின்றது. திரும்ப வகுத்தலைச் சேர்த்தாள், 20இல் நின்றது. மறுபடி எடுத்தாள். ஸ்கேலை வைத்து அளந்தாள். அப்புறம் பேசாமல் எழுந்து சுவர் வரை நடந்து போய், திரும்பி வந்து உட்கார்ந்தாள். “போறதும் வர்றதும் சேர்த்துல்ல எண்ணுது” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் கார் அவளை விடவில்லை. சுவரை நேராகப் பார்த்து வந்தால் நின்றது. சாய்வாக வந்தால் போய் மோதியது. சென்சார் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தாள். மாற்றிப் போட்டும் மோதியது. சாய்ந்து விழுந்த ஒலி வேறு பக்கம் தெறித்துப் போகிறது, குழலுக்குத் திரும்பி வருவதே இல்லை என்று கண்டுபிடிக்க அன்றைய பொழுது முழுக்க ஆயிற்று. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதியை ஒளிப் பாடத்தில் அவள் ஏற்கெனவே எழுதியவள்தான். அது ஒலிக்கும் பொருந்தும் என்று அவளுக்குச் சொன்னது அந்த மோதல். ஜன்னல் திரைச்சீலையை கார் கண்டுகொள்ளாமல் இடித்தபோது, துணி ஒலியை உறிஞ்சிவிடும் என்பதையும் அவளே சேர்த்துக்கொண்டாள்.

இப்படிக் கையால் செய்து, பிழையிலிருந்து கற்பதைத்தான் சீமோர் பேப்பர்ட் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். குழந்தைகளுக்கான ‘லோகோ’ கணினி மொழியை 1967இல் உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். சிறுவயதில் பற்சக்கரங்களோடு விளையாடியதால்தான் பிற்பாடு சமன்பாடுகள் தனக்கு நெருக்கமாயின என்று எழுதியிருக்கிறார். நிரலில் வரும் பிழை வெட்கப்பட வேண்டியதல்ல, துருவிப் பார்க்க வேண்டியது என்பது அவர் கட்சி. அவருடைய புத்தகத்தின் பெயரைத் தாங்கி 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டி நம் ஊர் அரசுப் பள்ளிகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோதான் கதவைத் திறந்தது. அதன் மின்சுற்று வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். அதனால்தான் அதே மாதிரி போர்டு சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எங்கள் காலத்திலும் கையால் கற்க ஓர் இடம் இருந்தது. கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை. பள்ளி ஆய்வகத்தில் கால்வனாமீட்டரும் மின்மாற்றி மாதிரியும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. பிளெமிங்கின் இடக்கை விதிக்கு மூன்று விரலை மடக்கி நீட்டியதோடு மோட்டார் பாடம் முடிந்தது. ரேடியோ கடை அண்ணன்தான் சால்டரிங் அயர்னைக் கையில் கொடுத்தார். டிரான்சிஸ்டரின் எந்தக் கால் எது என்று காட்டினார். நான் மின்னணுத் தொழிலுக்கு வந்ததே அந்த பெஞ்சிலிருந்துதான். ஆனால் அந்த பெஞ்சில் ஒரு பெண்பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். மாலையில் கடைத்தெருவில் நின்று ரேடியோவைப் பிரித்துப் பார்க்க அவர்களை யார் விட்டார்கள்? எனக்குக் கிடைத்தது ஊரில் பாதிப் பேருக்குக் கிடைக்கவே இல்லை. வகுப்பறைக்குள் ரோபோட்டிக்ஸ் வந்ததை நான் இவ்வளவு கொண்டாடுவதற்கு முதல் காரணம் இதுதான். பொறியாளர் எண்ணிக்கையெல்லாம் அப்புறம்.

கையால் கற்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் கிராமப் பள்ளிகளில் பரிசோதனை வழியாகவே அறிவியல் சொல்லிக் கொடுத்தது. 2002இல் மாநில அரசே அதை நிறுத்திவிட்டது. நம் தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்காக வந்த வானவில் மன்றமும் இந்த வழியில்தான் நடக்கிறது. இவை பலன் தருவதும் தராததும் பொருளைப் பிள்ளைகள் கையில் எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

அங்கேதான் என் கவலை. பல இடங்களில் பீரியட் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கிவிட வேண்டும். அடுத்த வகுப்புக்கு அதே கிட். மோதிய கார் ஏன் மோதியது என்று பார்ப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. கண்காட்சி வந்தால் செய்முறைத் தாளில் உள்ளபடி பூட்டிய ரோபோவே மேடைக்குப் போகிறது. இன்னொரு பள்ளியின் ஆசிரியர் ஒருவர் மனம்விட்டுச் சொன்னார்: “சென்சார் ஒண்ணு எரிஞ்சா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதுறது சார்? ஆடிட்ல நான்தானே பதில் சொல்லணும்?” அவர் பயம் நியாயமானது. அந்தப் பயத்தால்தான் நல்ல ஆசிரியர்கூட பீரோவைப் பூட்டிவிடுகிறார்.

நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சென்சார் அது. சாக்பீஸ் தீர்ந்ததற்கு எந்த ஆசிரியரிடமும் விளக்கம் கேட்பதில்லை. சென்சாரையும் மோட்டாரையும் ஜம்பர் ஒயரையும் அதே கணக்கில், செலவாகும் பொருளாக எழுத ஒரு வரி அரசாணை போதும். கூடவே, வாரத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட், பாதியில் நிற்கும் காரைக் கழற்றாமல் அடுத்த வாரம் வரை வைக்க குழுவுக்கு ஓர் அட்டைப் பெட்டி. நான் உதவிக்குப் போகும் பள்ளியின் தலைமையாசிரியர் அட்டைப் பெட்டிக்கும் இரண்டு பீரியடுக்கும் சம்மதித்துவிட்டார். அரசாணைக்காக மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுதி, லேப் நடத்தும் ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.