கோபுரத்தடியில் எறும்பு

என்ன தம்பி, வீடு மாத்துறியா?

இல்லையா? மூணு நாளைக்குக் கோலாலம்பூரா? அடேங்கப்பா! பாரிட் புந்தார் ஸ்டேஷன்ல இத்தனை சாமானோட ஒரு குடும்பம் நின்னு பார்த்து ரொம்ப வருசமாச்சு. அந்தக் காலத்துல தோட்டத்தைத் துண்டாடி வித்தப்போதான் சனம் இப்படி மூட்டை முடிச்சோட நின்னுச்சு. அதுங்களுக்குப் போக இடமில்லே. உனக்கு ஓட்டல் ரூமு இருக்கு, அதுல இதெல்லாம் வைக்கத்தான் இடமிருக்காது.

உங்கப்பன் காடியில நானும் ஓரமா ஒண்டிக்கிட்டுத்தானே வந்தேன். எல்லாத்தையும் பார்த்துட்டேன். தள்ளுவண்டி ரெண்டு. பால் புட்டியை அவிக்க ஒரு மிஷின். அந்த வெள்ளைப் பொட்டி என்னான்னு உன் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். புள்ளை தூங்குறதுக்கு மழைச் சத்தம் போடுமாம். ஏன்டா, கெடாவுல பெய்யாத மழையா? அதைப் பொட்டியில அடைச்சுக் கோலாலம்பூருக்குக் கொண்டு போறியே, அங்கே பெய்யுற மழைக்குச் சத்தம் வராதா?

பெரிய பையில முறுக்கு இருக்குபோல. வாசனை வருது. இருக்கட்டும், இருக்கட்டும்.

உன் போன்ல ஒரு பட்டியல் காட்டுனியே, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. எட்டரைக்குப் பசியாறணும். ஒன்பதரைக்கு இரட்டைக் கோபுரம். பதினொன்னுக்கு மீன் காட்சி. ஒரு மணிக்குப் பறவைப் பூங்கா. மூணு மணிக்குப் பத்துமலை. ஆறு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ். விடியக்காலைப் பெரட்டுல நின்னு நாப்பது வருசம் பால்மரம் வெட்டுனவன் நான். எங்க கங்காணிகூட இப்படி ஆளைப் போட்டு விரட்டுனதில்லே. அது சரி, சின்னவனுக்கு மூத்திரம் எத்தனை மணிக்கு? அதை எழுதலையே?

சொல்றேன், கேளு. கோபிச்சுக்காதே.

நீ பார்க்கப் போறது வேற ஊரு, உன் புள்ளை பார்க்கப் போறது வேற ஊரு. நம்ம பண்டார் பாருவுல ஏறி கிரியான் ஆத்துப் பாலத்தைத் தாண்டுனோம் பாரு, இந்தப் பக்கம் கெடா, அந்தப் பக்கம் பேராக். "ஆத்து நடுவுல கோடு போட்டிருக்கா தாத்தா?"ன்னு உன் பெரியவன் என்னைக் கேட்டான். வாயைப் பொளந்து தண்ணியில கோட்டைத் தேடிக்கிட்டு வந்தான். நீ பார்க்கலே. நீ போன்ல கோபுரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தே.

இப்ப ஏறப் போற மின்சார ரயிலு இருக்கே, 2015-லேருந்து இந்தப் பக்கம் ஓடுது, அதுவே அவனுக்கு ஒரு நாள் கூத்து. ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடு. பாகான் செராய் தாண்டுனதும் புக்கிட் மேரா ஏரி வரும். தண்டவாளம் அந்த ஏரிக்கு நடுவுலேயே போகும். ரெண்டு பக்கமும் தண்ணி. அந்த நேரம் பார்த்து அவன் கையில போனைக் கொடுத்துக் கார்ட்டூன் போட்டு வைக்காதே. தைப்பிங் தாண்டி பெராப்பிட் மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டிருக்கான், மூணு கிலோமீட்டருக்கு மேல. இருட்டுக்குள்ள போறப்போ ஒன்னு ரெண்டு எண்ணச் சொல்லு. வெளிச்சம் வர்றதுக்குள்ள எத்தனை வருதுன்னு பாரு. இதுக்கெல்லாம் தனியா டிக்கெட்டு இல்லே. அதனாலதான் உன் பட்டியல்ல இது இல்லே போல.

கே.எல். சென்ட்ரல்ல இறங்குனதும் என்னா செய்வே? டாக்சி கூப்பிடுவே. எதுக்கு? அங்கேருந்தே எல்.ஆர்.டி. நேரா கே.எல்.சி.சி. போகுது. அதை ஓட்டுறதுக்கு ஆளே கிடையாது, தெரியும்லா? மொதப் பெட்டியில முன் கண்ணாடிகிட்ட புள்ளையை நிறுத்து. இவனேதான் வண்டியை ஓட்டுறான்னு நினைப்பான். பாசார் செனி தாண்டுனதும் வண்டி பூமிக்குள்ள பூந்துரும். என் பேரனைக் கூட்டிப் போனப்போ, இறங்க வேண்டிய இடத்துல இறங்க மாட்டேன்னுட்டான். "இன்னும் ஓட்டி முடிக்கலே"ன்னான். ஓட்டுறவன் பேச்சைத் தட்டலாமா? கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தோம்.

கோபுரம் பெரிய கோபுரந்தான். 452 மீட்டர், 88 மாடி. நாப்பத்தோராம் மாடியில பாலம். மேலே ஏறணும்னு ஆசைப்படுறே, ஏறு. ஆனா ஒன்னு கேக்குறேன். கோபுரத்துக்குள்ள நின்னா கோபுரம் தெரியுமா? தெரியாதே! உன் மூக்கு உனக்குத் தெரியுதா? அதுக்குக் காசு கொடுத்து, நேரம் குறிச்சு வாங்கி, கைப்புள்ளையோட வரிசையில நிக்கணும். திங்கக்கிழமை போனியானா அதுவும் இல்லே, கதவு சாத்தியிருக்கும்.

என் பேரன் அந்தக் கோபுரத்தடியில என்னா பார்த்தான் தெரியுமா? அவங்கப்பன் தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மகனும் கோபுரமும் ஒரே படத்துல விழணும்னு ஒடம்பை முறுக்குறான். மகன் குனிஞ்சு உட்கார்ந்துட்டான். கட்டெறும்பு ஒன்னு ரொட்டித் துண்டை இழுத்துக்கிட்டுப் போகுது. "தாத்தா, இது எங்கே போகுது?" எனக்கென்னா தெரியும்? பின்னாலேயே போனோம். அரை மணி நேரம். எடுத்த படம் எல்லாத்துலேயும் கோபுரம் தெரியுது, பேரனோட முதுகு தெரியுது. இன்னிக்கும் அவன் எறும்பைத்தான் சொல்லுவான்.

கோபுரத்துக்குப் பின்னால பூங்கா இருக்கு. ஐம்பது ஏக்கர். பிரேசில்காரர் ஒருத்தர், ரொபேர்தோ பேர்லே மார்க்ஸ்னு பேரு, வரைஞ்சு கொடுத்தது. பாவம், 1994-லேயே கண்ணை மூடிட்டாரு, முடிச்சதைப் பார்க்கலே. அங்கே புள்ளைங்க கால் நனைக்க ஒரு குளம் கட்டி விட்டிருக்கான். முழங்கால் தண்ணி. காசு இல்லே. மாத்துச் சட்டை ஒன்னு எடுத்துக்கிட்டுக் காலையில போயி உட்காரு. அன்னிக்குப் பொழுது முடிஞ்சுது. மீனும் வேணாம், பறவையும் வேணாம். தண்ணியைக் கண்ட புள்ளையை மீன் காட்சிக்கு இழுத்துட்டுப் போறவன், கல்யாண வீட்டுப் பந்தியிலேருந்து ஆளை எழுப்பி மெனு அட்டை காட்டுறவன் மாதிரி.

பத்துமலைக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்கு. கே.எல். சென்ட்ரல்லேருந்தே கொமுட்டர் ரயிலு போகுது. முருகன் 140 அடியில நிக்கிறாரு, 2006-லேருந்து. படி 272. அந்தத் தள்ளுவண்டிக்கு எத்தனை சக்கரம்? நாலா? படியில உருளுமா? கீழே விட்டுட்டுப் போனா, திரும்பி வர்றப்போ ஒரு குரங்கு அதுல சாஞ்சு உட்கார்ந்து உன் பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு இருக்கும். அது ஒன்னுதான் அந்த வண்டியில சுகமாப் போற புள்ளை.

உன் ஆத்தாகிட்ட கேட்டிருந்தா, பழைய கைத்தறிச் சேலை ஒன்னு கொடுத்திருக்கும். எங்க தோட்டத்துல ஆயாக்கொட்டகையில வரிசையா ஏணை தொங்கும். பொம்பளைங்க இருட்டோட வந்து புள்ளையைப் போட்டுட்டு வெட்டுக்குப் போவாங்க. இருபது புள்ளைக்கு ஒரு ஆயா. மிஷின் கிடையாது, மழைப் பொட்டி கிடையாது. ஒரே ஒரு சேலைதான். இடுப்புல கட்டுனா புள்ளை ஏறிக்கும். ரயிலு குளிருனா போர்வை. புல்லுல விரிச்சா பாய். பால் கொடுக்க மறைப்பு. குளத்துல நனைஞ்சா துண்டு. மடிச்சா ஒரு கை அளவு. இதைக் கடையில ஆயிரம் வெள்ளின்னு வித்திருந்தா நீ நாலு வாங்கியிருப்பே, இல்லே?

இன்னொன்னு. கையில கட்டுற அந்தக் கடிகாரம், புள்ளை எங்கே இருக்கான்னு காட்டுமாமே. என் மவனும் வாங்கிக் கட்டுனான். பெரிய கடைக்கட்டடம் ஒன்னுல பேத்தியைக் காணோம். போனைப் பார்த்தா, இந்தக் கட்டடத்துலதான் இருக்கான்னு காட்டுது. அது எனக்கே தெரியும்லா! எந்த மாடின்னு சொல்லத் தெரியலையே அந்தச் சனியனுக்கு. கூட்டிப் பெருக்குற அம்மா ஒருத்திதான் கையைப் புடிச்சுக் கூட்டியாந்தாங்க. மறுநாள்லேருந்து பேத்தி முழங்கையில பேனாவால போன் நம்பரை எழுதிட்டேன். பத்துக் காசு மை.

நான் மட்டும் பெரிய புத்திசாலியான்னு நினைக்காதே. 1974-ல முதல் தடவையா மூணு புள்ளைங்களைப் பினாங்குக்குக் கூட்டிப் போனேன். நானும் பட்டியல் போட்டவன்தான். கொடிமலை ரயிலு, பாம்புக் கோயிலு, ஆயர் ஈத்தாம் புத்தர் கோயிலு. எல்லாம் ஒரே நாள்ல! பட்டர்வெர்த்துல பெர்ரி ஏறுனோம். அக்கரையில இறங்கச் சொன்னா, சின்னவன் கம்பியைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறான். அடிச்சுப் பார்த்தேன். ம்ஹும். சரின்னு திரும்பி வந்தோம். மறுபடியும் போனோம். மறுபடியும் வந்தோம். நாள் பூரா கச்சாங் பூத்தே தின்னுக்கிட்டுக் கடல்ல ஊஞ்சலாடுனதுதான் மிச்சம். என் வீட்டுக்காரி ஒரு மாசம் சொல்லிச் சொல்லிக் காட்டுனா. மலையையும் பார்க்கலே, பாம்பையும் பார்க்கலே.

அந்தச் சின்னவனுக்கு இப்ப அம்பது தாண்டிடுச்சு. தினமும் பினாங்குப் பாலத்துலதான் வேலைக்குப் போறான். 2020 கடைசியில அந்தப் பழைய பெர்ரியை நிறுத்தப் போறாங்கன்னதும், லீவு போட்டுட்டுப் போனான். நாலு தடவை போயிட்டு வந்தானாம். மேல்தட்டுல, அதே கம்பிகிட்ட நின்னுக்கிட்டு.

அடடே, வண்டி வருது. சின்னவனைத் தூக்கிக்க. பெரியவன் கையைப் புடி. ஒரு தள்ளுவண்டியும், அந்த மிஷினும், மழைப் பொட்டியும், அந்தப் பெரிய பையும் இங்கேயே இருக்கட்டும். உங்கப்பன் இப்ப வந்துருவான், வீட்டுல சேர்த்துடுறோம். அதுவரைக்கும் நான் பார்த்துக்கிறேன்.

முறுக்கை எடுக்காதே, தம்பி. அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.