பொருத்தம் அண்ணன்

ஜொகூரில் எந்தக் குடியிருப்புத் தாமானுக்குள் நுழைந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். மற்ற வீட்டு வாசலில் செருப்பு கிடக்கும். இவர் வீட்டு வாசலில் வாளிகள் வரிசையாக நிற்கும். குழாய்த் தண்ணீரை நேராக மீன் தொட்டியில் ஊற்றுவது இவர் கணக்கில் கொலைக்குச் சமம். வாளியில் பிடித்து, ஒரு நாள் ஆறவிட்டு, ஆண்டி-குளோரினைச் சொட்டுக் கணக்கில் விட்டு, அப்புறம்தான். வந்த விருந்தாளி தெரியாமல் அந்த வாளித் தண்ணீரில் கால் கழுவிவிட்டால் அன்றோடு உறவு முறிந்தது.

பெயர் ஏதோ ஒன்று உண்டு. தெருவுக்கு அவர் 'பொருத்தம் அண்ணன்'. ஜாதகமெல்லாம் பார்க்க மாட்டார். எந்த மீனுக்கு எந்தச் செடி ஒத்துப்போகும் என்று சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

விடிகாலையில் மோட்டாரை முறுக்கிக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பெருங்கூட்டத்தில் இவரும் ஒருவர். அங்கே சம்பாதிக்கிற சிங்கப்பூர் வெள்ளி இங்கே மலேசிய வெள்ளியாகிப் பெருகும். பெருகிய பங்கு மீன் கடையில் பாசியாகவும் மரக்கட்டையாகவும் உருமாறும். கடைக்காரச் சீன தவுக்கேக்கு இவரைக் கண்டால் மகிழ்ச்சியும் உண்டு, கலக்கமும் உண்டு. காசு கொடுத்து வாங்குகிறவர்தான். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆள் கையிலிருப்பதையும் திருப்பி வைக்கச் சொல்லிவிடுவாரே!

போன மாதம் ஒரு தம்பி, குழந்தை ஆசைப்பட்டதென்று ரெண்டு தங்கமீனும் ஒரு கட்டு கபோம்பாச் செடியும் எடுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் போனார். அண்ணன் வழிமறித்தார்.

"தம்பி, இது யாருக்கு?"

"தொட்டிக்குத்தாண்ணே. அழகுக்கு."

"அழகு நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் இருக்கும். அது செடி இல்ல தம்பி, சாப்பாடு. தங்கமீன் மெல்லிசு இலையை விட்டு வைக்காது. ஜாவா ஃபெர்ன் வாங்குங்க, இல்ல அனுபியாஸ் வாங்குங்க. இலை தடிப்பு, மீன் கடிச்சுப் பாத்துட்டு விட்டுடும். ஆனா கிழங்கை மண்ணுல பொதைச்சிடாதீங்க, அழுகிடும். கட்டையில நூல் போட்டுக் கட்டுங்க."

தம்பி தலையாட்டினார். நல்ல யோசனைதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் அதோடு விட்டாரா? சில்வர் டாலர் மீனுக்குப் போனார். "பிரானாவுக்குச் சொந்தக்காரன், ஆனா பச்சை சைவம். அதுதான் நமக்கு ஆபத்து. ஒரு வாரத்துல தொட்டியில தரை மட்டும்தான் மிச்சம்." அங்கிருந்து டிஸ்கஸுக்குத் தாவினார். அதற்கு 28 முதல் 30 பாகை வரை சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பல செடி பிழைக்காது. அமேசான் வாள்செடி தாங்கும். அதைக் கேட்டு வாள்செடி வாங்கிவிட்டுப் பண்டாராயா (பிளெக்கோ) மீனையும் சேர்த்து வாங்கினால், அது ராத்திரியில் வாள்செடியின் அகல இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று நம்பித்தான் எல்லாரும் வாங்குகிறார்கள்; அது தின்கிற அழுக்கைவிடப் போடுகிற அழுக்கு அதிகம். இத்தனையும் கேட்டு முடித்த தம்பி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். குழந்தைக்கு வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

அரோவானா வளர்க்கும் முதலாளிகளிடம் மட்டும் அண்ணன் வாயைத் திறப்பதில்லை. பத்து பகாட், மூவார் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து சான்றிதழும் உடம்புக்குள் மைக்ரோசிப்புமாக வருகிற மீன் அது. தொட்டியில் செடியே இருக்காது. "பொருத்தம் பாக்க ஒண்ணும் இல்ல, தனிக்கட்டை" என்று ஒதுங்கிவிடுவார்.

யாராவது "செடி வாங்கினேன், கூடவே நத்தை வந்துடுச்சே" என்று அழுதால்தான் அண்ணனுக்கு உற்சாகம். உடனே வாரிங்டனை இழுப்பார். 1850இல் லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன், கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்நேரியாச் செடியையும் சேர்த்து வைத்து, தண்ணீர் மாற்றாமலே மீன் வாழ வழி கண்டதை எழுதிவைத்தார். செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது, குளத்து நத்தைகளை விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, நத்தை முட்டையை மீன் தின்றது, கணக்கு நேராயிற்று. அண்ணன் இதைச் சொல்லும் தோரணையில், வாரிங்டன் ஏதோ கூலாய்ப் பக்கம் இருக்கிற தாய்மாமன் என்றே கேட்பவருக்குத் தோன்றும்.

இவ்வளவு பார்க்கிற மனிதர், மகள் தனக்குப் பிடித்த பையனைப் பற்றிச் சொன்னபோது கேட்டது இரண்டே கேள்வி: "வேலைக்குப் போறானா? நல்லவனா?" முடிந்தது, கல்யாணத்துக்குச் சம்மதம். அதே வாரம் கடையிலிருந்து வந்த நியோன் டெட்ராக்களை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்து, நோய்நொடி இல்லையென்று தெரிந்த பிறகே பெரிய தொட்டிக்குள் சேர்த்தார். மருமகன் அன்றைக்கே நேராக ஹாலுக்கு வந்துவிட்டார்.

அண்ணனின் மனைவி அக்காவுக்கு வேறு ஆற்றாமை. "படுக்கிற ரூமுக்கு ஏர்கான் போடுங்கன்னு எத்தனை வருசமா கேக்குறேன். மீனுக்கு மட்டும் சில்லர்!" உண்மைதான். ஜொகூர் வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடேறினால் பாசி வதங்கும் என்று அண்ணன் குளிர்விக்கும் இயந்திரம் வாங்கி மாட்டியிருக்கிறார். புழுக்கமான ராத்திரிகளில் குடும்பமே அந்த இயந்திரத்தின் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தது. அது தண்ணீரைக் குளிர்வித்து, சூட்டை ஹாலுக்குள் தள்ளுகிற சாமான்.

அண்ணனின் வாழ்க்கையில் மகத்தான பொருத்தம் ஹார்லிகுவின் ரஸ்போராவும் கிரிப்டோகொரைனும். ரஸ்போரா இரண்டு அங்குலம்கூட இல்லாத செம்பு நிற மீன், வால் பக்கம் கறுப்பு முக்கோணம். கிரிப்ட் நம் சேம்பின் குடும்பத்துச் செடி. மிகவும் கோபக்காரச் செடி. இடம் மாற்றினால் இலையெல்லாம் கூழாகக் கரைந்துவிடும், வேர் மட்டும் உயிரோடு இருந்து மறுபடி துளிர்க்கும். கரைந்த வாரம் அண்ணன் சவரம் செய்யவில்லை. வந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் அக்கா, "யாரும் தவறலீங்க, செடிதான்" என்று பதில் சொன்னார்.

துளிர்த்தது. ஒரு ஞாயிறு காலை பெண் மீன் ஒன்று கிரிப்ட் இலைக்கடியில் போய்த் தலைகீழாகப் புரண்டு, வயிற்றை இலையின் அடிப்பக்கத்தில் உரசியது. ஆண் மீன் பக்கத்தில் வந்து வளைந்தது. இலையடியில் கண்ணாடி மணிபோலச் சில முட்டைகள். அண்ணன் போட்ட சத்தத்தில் அண்டை வீட்டார் கைலியோடு ஓடிவந்தார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவிய அண்ணனின் அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"இதுக்கா சத்தம் போட்ட? இதெல்லாம் தோட்டத்துக் காட்டோடையில கெடந்துச்சே. நான் கால் கழுவுறப்ப இந்த மீன்தான் விரல்ல முட்டும். செடி வழுக்குதுன்னு புடுங்கிக்கூட எறிஞ்சிருக்கேன்."

கிழவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த மீனும் இந்தச் செடியும் தீபகற்பத்துக் காட்டு நீரோடைகளில் சேர்ந்தே வாழ்கிறவை. கோத்தா திங்கிப் பக்கத்து ஓடைகளில் கிரிப்ட் இயல்பாக முளைக்கும். சிறு மீன்களுக்கு ஜொகூரின் சதுப்புக்காடு பெரிய களஞ்சியம். 1986இல் ஆயர் ஹீத்தாம் பக்கத்திலிருந்து ஒரு கரிய பெட்டா மீனும், 2005இல் பெக்கான் நானாஸ் பக்கத்திலிருந்து விரல் நீளம்கூட இல்லாத ஒரு குட்டிக் குராமியும் அறிவியலுக்குப் புதிதாக அறிமுகமாயின. அந்தக் காடுகளில் பெரும்பகுதி இப்போது செம்பனைத் தோட்டம். அப்பா கால் கழுவிய ஓடை வாய்க்காலாகிவிட்டது. அதிலிருந்த பொருத்தத்தை மகன் காசு கொடுத்து, சில்லர் வைத்து, ஹாலில் நடத்திக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்தப் பைத்தியம் தேவையான பைத்தியம்.

நீங்கள் ஜொகூர்க்காரராக இருந்து, வீட்டில் பண்டாராயா மீன் கைக்கடங்காமல் வளர்ந்துவிட்டால், பாவம் பார்த்து ஆற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் ஏற்கெனவே மலேசிய ஆறுகளில் போதுமான அளவுக்குக் குடியேறிவிட்டது. வாளியில் போட்டு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். முக்கால் மணி நேரம் திட்டுவார், பிறகு வாங்கிக்கொள்வார். பின்கட்டில் அதற்கென்றே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்.