கிரிக்கெட் வாரியத் தலைவர் ஆவது எப்படி? ஏற்காடு மார்க்கம்

முதலில் பிள்ளையை மலையேற்றுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்; கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். மேலே 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. பின்னாளில் இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவரான, பெங்களூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பையன் ரோஜர் பின்னி படித்த இடம். சேர்த்த கையோடு மட்டை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஈட்டி எறியச் சொல்லுங்கள். பின்னி பள்ளி வயதில் ஈட்டி எறிதலில் தேசிய சாதனை வைத்திருந்தவர். சேர்வராயன் மலையில் ஈட்டி காப்பித் தோட்டத்துக்குள் போய் விழுந்தால் தேடி எடுக்கவே அரை நாள் ஆகும். அதையும் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஜமீன் இருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டாம். நம் சேலம் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் முதலில் சென்னை மாகாண முதலமைச்சராகி, அப்புறம் கிரிக்கெட் வாரியத் தலைவராகி 1946 வரை இருந்தார். ஜமீன் இல்லாதவர்கள் மேலே படிக்கவும்.

அடுத்த பாடம்தான் உயிர்நாடி: பக்கத்தில் நிற்பவருக்குப் பேர் போகும்படி விளையாடக் கற்றுக்கொள்ளுங்கள். 1977-78 ரஞ்சியில் கேரளத்துக்கு எதிராகக் கர்நாடகத்தின் முதல் ஜோடி, விக்கெட்டே விழாமல் 451 ரன் குவித்தது. பின்னி 211, சஞ்சய் தேசாய் 218. இரட்டைச் சதமே அடித்தாலும் கூட்டாளியைவிட ஏழு ரன் குறைத்து அடிக்கும் பக்குவம் எத்தனை பேருக்கு வரும்?

1983 உலகக் கோப்பை இதற்கு முதுகலைப் பட்டம். டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட். கபில்தேவ் அடித்த 175 பற்றி டீக்கடையில் இன்றும் பேச்சு. அந்தச் சரிவில் இறங்கி, 22 ரன் எடுத்து, கபிலோடு 60 ரன் சேர்த்தவர் பின்னி. அந்த ஆட்டத்தை யாருமே படம் பிடிக்கவில்லை. யாரும் பார்க்காத ஆட்டத்திலும் ஒருவர் நினைவாகவும் இன்னொருவர் மறதியாகவும் ஆவது சாமானிய வித்தை இல்லை. இறுதிப் போட்டியில் கபில் பின்னோக்கி ஓடிப் பிடித்த ரிச்சர்ட்ஸ் கேட்ச்சைச் சித்தப்பா நடித்தே காட்டுவார். கிளைவ் லாயிடை அவுட் ஆக்கியது யார் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் தொடரிலேயே அதிக விக்கெட், 18, எடுத்தவர்தான்!

ஓய்வுக்குப் பிறகு பதவியைத் துரத்தாதீர்கள். 2000-இல் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சி கொடுங்கள்; கோப்பை வந்தால் கைஃபுக்கும் யுவராஜுக்கும் பேர் போகட்டும். 2012-இல் தேர்வாளர் ஆனால், மகன் ஸ்டூவர்ட் பெயர் வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். பின்னி அப்படித்தான் செய்தார். நம் ஊரில் மகன் பெயர் வரும்போது உள்ளே ஓடி வருகிறவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. பதவி தானே வந்தது: 2019-இல் கர்நாடக கிரிக்கெட் சங்கத் தலைவர், 2022 அக்டோபர் 18-இல் கங்குலி எழுந்த வாரியத் தலைவர் நாற்காலி.

தலைவரான பிறகும் பழக்கத்தை விடக்கூடாது. 2025 மார்ச்சில் துபாயில் இந்தியா சாம்பியன்ஸ் டிராபி வென்றபோது வீரர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டவர் பின்னி. கோப்பையைக் கொடுத்தவர் ஜெய் ஷா: அதற்குச் சில மாதங்கள் முன்புவரை இதே வாரியத்தின் செயலாளர், அப்போது உலக அமைப்பின் தலைவர்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது பெற்றோருக்கு. வாரிய விதிப்படி 70 வயதோடு பதவி முடிகிறது. பின்னி பிறந்தது 1955 ஜூலை 19. 2025 ஜூலையில் 70 நிறைந்தது. அடுத்த மாதமே, சர்வதேச அமைப்பின் விதி இடம் கொடுத்தால் 75 வரை போட்டியிடலாம் என்று நாடாளுமன்றத்தில் விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. ஆகவே, ஒன்றாம் வகுப்பில் சீக்கிரம் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் போடும் நம் ஊர் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஹெட்மாஸ்டர் கேட்டால், வாரியத் தேர்தல் இருக்கிறது என்று சொல்லுங்கள்.